கொப்பி பார்க்கிறவர்

ஒக்டோபர் 6, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. நீதிமன்றம் இல்லை. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. கடல் பக்கத்து யன்னல்கள் மூன்றும் சாத்தியபடி. மேசையில் ஒரு காணி உறுதி, இரண்டு சத்தியக்கடதாசி. எதுவும் திறக்கப்படவில்லை.

மு.ப. 10.20க்கு அன்ரனின் அழைப்பு. கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நாடகம் போடும் பாடசாலை ஆசிரியர். வயது நாற்பதைத் தாண்டாது.

"லோயர் ஐயா, பழைய நாடகம் ஒண்டைத் திரும்பப் போடுறம். கொப்பி ஒருத்தரிட்டையும் இல்லை. உங்களிட்டை இருக்குமெண்டு றெஜினா அக்கா சொன்னவ."

எந்த றெஜினா என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"கனடாவிலயிருந்து வந்து நிக்கிறா ஐயா, முகத்துவாரத்தில தம்பியார் வீட்டை. தாய் வேசம் அவதான். அப்பவும் அவதானாமே? கொப்பி பார்த்தது நீங்களாம். இந்த முறையும் வந்தீங்களெண்டால்..."

பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவருக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. சட்டக் கல்லூரிக் காலத்தில் நான்கு நாடகங்களுக்குச் செய்தேன். மேடையில் ஏறும் துணிவு எனக்கு இருந்ததில்லை. இன்றும் எந்த நாடகத்துக்குப் போனாலும் இடப்பக்கக் கரை ஆசனந்தான் எடுப்பது. அங்கிருந்தால் பக்கத்திரையின் இடுக்கில் நிற்பவரைப் பார்க்கலாம்.

பரிசீலித்துச் சொல்வதாகக் கூறினேன். நான்கு நிமிடத்தில் நானே திரும்ப அழைத்துச் சம்மதித்தேன்.

கொப்பி, அலுமாரியின் கீழ்த்தட்டில், சிவப்பு நாடாவால் கட்டியபடி. தட்டச்சு. மூன்றாம் காபன் பிரதி. பக்கம் 41:

மகன்: அம்மா, நான் போகட்டுமா?
தாய்: கதவைச் சாத்தாமல் போ.

றெ.வுக்கு (றெஜினாவை இனி இப்படியே எழுதுகிறேன்) அப்போது இருபத்துநான்கு வயது. தலைமயிருக்கு முகப்பவுடர் பூசிக் கிழவியானவர். மகன் கேட்டான்; றெ. பேசவில்லை. மூன்று விநாடி, நான்கு. மறந்துவிட்டார் என்று எடுத்துக் கொடுத்தேன், சற்று உரக்க. முன்வரிசை சிரித்தது. திரை விழுந்ததும் என்னிடம் வந்தார். "மறக்கேல்லை. அது நான் பிடிச்சு வைச்சிருந்த மௌனம்."

பிரதியில் மௌனம் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததை நான் அறிந்திருக்க நியாயமில்லை. முப்பத்தெட்டு வருடமாக இதே எதிர்வாதம்.

மாலை. மழை விட்டது. மற்றதையும் எழுதிவிடுவது நல்லது. நாடகம் முடிந்து ஐந்தாம் நாள், கொட்டாஞ்சேனைப் பஸ் தரிப்பு. கனடாவுக்கு விசா வந்துவிட்டது என்றார் றெ. நான் கேட்டது, சொல்லுக்குச் சொல்: "நீங்கள் போகத்தான் வேணுமோ?" பதில் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "யோசிச்சுப் பார்த்தால் போறதுதான் நல்லது" என்று நானே சொன்னேன். பஸ் வந்தது. ஏறினேன்.

அன்று அவர் என்ன சொல்ல இருந்தார்? அதை அவரிடமே கேட்க வேண்டும். இதைத்தவிர வேறு கேள்வி என் வாழ்வில் இல்லை என்றால் மிகை. ஆனால் மற்றவற்றுக்கெல்லாம் எப்படியோ தீர்ப்புக் கிடைத்துவிட்டது.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில், புழுக்கம். வழக்குகள் மூன்றும் வேறு திகதிக்குத் தவணை போடப்பட்டன. கிளாக்கர் கனகு: "ஐயா மூண்டரைக்கே வெளிக்கிடுறியள். சுகமில்லையோ?" சுகமாக இருக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

ஓட்டோக்காரர் சிவப்பு நாடாக் கட்டைப் பார்த்துவிட்டு, வழக்கோ என்று சிங்களத்தில் கேட்டார்: "நடுவக்த, மஹத்தயா?" நாடகம் என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்று சிரித்தார். ஆட்டுப்பட்டித் தெருவில் இருபது நிமிட நெரிசல். சட்டைக் கொலர் நனைந்தது. இன்னொரு சட்டை கொண்டுவந்திருக்கலாம் என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்காக வெட்கம்.

மண்டபத்தில் எல்லாரையும் வட்டமாக இருத்தி மூச்சுப் பயிற்சி. அன்ரன் அப்படிப் பழகியவர். வட்டத்தில் முதுகு காட்டி ஒருவர், நரைத்த கொண்டை. திரும்பவில்லை.

"லோயர் வந்திட்டார் போல. சப்பாத்துச் சத்தம் மாறேல்லை."

பிறகு திரும்பினார்.

என்ன பேசினோம்: பயணம், முழங்கால், வெள்ளவத்தையில் கடல் இன்னும் அதே இடத்தில்தானா என்று அவர் கேட்டது. கணவர் காலமாகி ஆறு வருடம். பிள்ளைகள் இருவர். பயணம் 21ஆம் திகதி. நான் கலியாணம் செய்யாததைப் பற்றிக் கேட்கவில்லை, தெரிந்திருக்கும்.

"இந்த முறை பவுடர் தேவையில்லை, பார்த்தீங்களோ?" என்று தலையைத் தொட்டுக் காட்டினார். "அன்ரனுக்கு அந்தச் செலவு மிச்சம்."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கொப்பியைப் புரட்டினேன்.

ஒக்டோபர் 11, சனி

இரண்டாம் ஒத்திகை. காலையில் தூறல்.

மகனாக நடிப்பவர் வசந்தன், வங்கியில் வேலை. நல்ல குரல், ஆனால் வசனம் முழுவதையும் சபையைப் பார்த்தே சொல்கிறார். அன்ரன்: "தம்பி, அம்மா இஞ்சால நிக்கிறா. அங்கால இருக்கிறது கதிரையள்."

பக்கம் 41 வந்தது. றெ. வசனத்தை உடனே சொன்னார். மௌனமே இல்லை. எனக்கு ஏமாற்றம். அதைக் கவனித்திருப்பார் போல.

இடைவேளையில் பிளேன்ரீ, கடிக்கப் பற்றிஸ். றெ.யின் தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தவர். கூத்தில் பெண் வேடத்துக்குப் பெயர்போனவர். பெண்கள் மேடை ஏறாத காலம். அந்த வீட்டிலிருந்து ஏறிய முதல் பெண் றெ.

"அப்பா இராசாத்தியா வந்தாரெண்டால், அடுத்த நாள் தண்ணிப் பைப்படியில பெட்டையள் எல்லாம் அவரின்ரை நடை நடந்து காட்டுங்கள். அம்மாவுக்குப் பொறாமை. இந்த மனுசன் வீட்டில இப்பிடி நடக்கிறேல்லையே எண்டு."

எல்லாரும் சிரித்தோம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கூத்துக்காரருக்குக் கொப்பி பார்க்கிறவர் மேடையிலயே நிப்பார், தெரியுமே? சனத்துக்கு முன்னால, கொப்பியும் கையுமா. எல்லாருக்கும் கேக்கத்தான் எடுத்துக் குடுப்பார். ஒருத்தருக்கும் வெக்கமில்லை. உங்கட நாடகத்திலதான் ஒளிச்சு நிண்டு குசுகுசுக்கிறது."

இதை நான் அறிந்திருந்தேன், வாசித்து. அவர் சொன்னபோதுதான் உறைத்தது.

என் யோசனை ஒன்றை முன்வைத்தேன். மறந்துபோனால் இடது காதுத் தோட்டைத் தொட வேண்டும். தொட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன். தொடாவிட்டால் அது மௌனம், நான் தலையிடேன்.

"ஒப்பந்தமோ?"

"ஒரு புரிந்துணர்வு."

"உறுதிக்கு இரண்டு சாட்சி வேணுமே, நொத்தாரிசு ஐயா. அன்ரன் ஒண்டு. இந்தப் பற்றிஸ் ஒண்டு."

கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. ஆட்கள் இருந்தார்கள்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கடும் மழை. ஒத்திகை ரத்து. வாங்கியவை: பென்சில் 2, சிறிய கைவிளக்கு, அதற்கு மின்கலம், தொண்டைக்கு மிட்டாய். ஒரு சட்டை.

அவரை அழைக்கலாம், இலக்கம் இருக்கிறது. அழைப்பதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதினேன். ஒன்றும் நிற்காது.

காலி வீதி முழுக்கத் தீபாவளிச் சனம், குடைக்குமேல் குடை. ஒரு புடைவைக் கடை வாசலில் அவரைப் போல ஒருவர். அவர் அல்ல. அது தெரிந்த பிறகும் கொஞ்சத் தூரம் அதே பக்கம் நடந்தேன். என் வீடு மற்றப் பக்கம்.

ஒக்டோபர் 17, வெள்ளி

முழு ஒத்திகை, ஒப்பனையோடு. மேடையில் போட்ட கதவு இறுகுகிறது; வசந்தன் தோளால் இடித்துத் திறந்தார். தச்சருக்குச் சொல்லியாயிற்று.

முடிந்ததும் மண்டப வாசலில் இரண்டு நிமிடம் தனியே. றெ. தம்பியின் வாகனத்துக்காக நின்றார். "சொல்லுங்கோ," என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. முகத்தில் எழுதியிருந்தது போலும்.

"நாளைக்கு," என்றேன்.

"தவணையோ?"

வாகனம் வந்துவிட்டது.

ஒக்டோபர் 18, சனி. நாடகம்

பி.ப. 6.00. மண்டபம் நிறைந்தது, பின்னால் நின்றும் பார்த்தார்கள். கதவு சரிவரத் திறந்தது. வசந்தன் நான்கு இடங்களில் தடுமாறினார். நான்கும் எடுத்துக் கொடுத்தேன், மெல்ல, எவருக்கும் கேட்காமல்.

பக்கம் 41.

"அம்மா, நான் போகட்டுமா?"

றெ. கதிரையில். கைகள் மடியில். காதின் பக்கம் போகவில்லை. நான் எண்ணினேன். ஐந்து. எட்டு. யாரோ ஒரு பிள்ளை இருமியது. வசந்தன் கதவடியில் என்னைப் பார்த்தார், கெஞ்சுவது போல. பத்து. வசனம் என் நாக்கில் இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பன்னிரண்டு.

றெ. எழுந்தார். முழங்கால் ஒருகணம் ஒத்துழைக்கவில்லை. கதவடிக்கு நடந்து போனார். அந்த நடை ஒத்திகையில் இல்லை. கதவைத் தன் கையால் முழுதாகத் திறந்து, சுவரோடு ஒட்டி வைத்தார். திரும்பி வந்து இருந்துகொண்டார். வசனம் சொல்லவே இல்லை.

வசந்தன் போனார். திரை. கைதட்டல்.

அன்ரன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா! அப்பிடியொரு மௌனம்!"

றெ. பக்கத்திரைக்குள் வந்து சுவரில் சாய்ந்தார். மூச்சு வாங்கியது.

"ஏன் எடுத்துத் தரேல்லை?"

"தோட்டைத் தொடேல்லையே நீங்கள்."

"தொட வேணுமெண்டதையும் சேர்த்தெல்லோ மறந்துபோனன், மனுசன்!"

சிரித்தார். கண் கலங்கும்வரை சிரித்தார். நானும். சிரிப்பு அடங்கியபோது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கேட்டேன், நின்ற நிலையில், கொப்பியை மார்போடு பிடித்தபடி. அந்தப் பஸ் தரிப்பில் நீங்கள் பேசாமல் நின்றீர்களே, அது எது? பிடித்து வைத்ததா, மறந்ததா?

அவர் உடனே விளங்கிக்கொண்டார். எந்தப் பஸ் தரிப்பு என்று கேட்கவில்லை.

"எனக்கு என்ன சொல்லுறதெண்டு வரேல்லை. போகவும் மனமில்லை, நிக்கிறன் எண்டு நானாச் சொல்லவும் ஏலாது. விசாவுக்கெண்டு வீட்டில அவ்வளவு செய்துபோட்டினம். நீங்கள் எடுத்துத் தருவியள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன்."

"தந்தனானே."

"தந்தனீங்கள்," என்றார். "பிழையான பக்கத்திலயிருந்து."

அப்போது தம்பி குடும்பம் பூச்செண்டோடு உள்ளே வந்துவிட்டது. படங்கள் எடுத்தார்கள். ஒன்றில் நானும் இருக்கிறேன், கரையில்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மழை இல்லை என்று நினைக்கிறேன். வெளியே பார்க்கவில்லை.

ஆக, விடை கிடைத்தது. விடை கிடைத்தால் நிம்மதி வரும் என்ற அனுமானம் தவறு.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் வைத்துத் தோய்ந்தேன். புதுச் சட்டை. கோயிலில் நெரிசல், அர்ச்சனை செய்யவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தேன். றெ. வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியிருந்தார், ஒரு விளக்குப் படமும். நன்றி, தங்கள் பயணம் நலமாக அமையட்டும் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு வாசித்தேன். மறுபடி அதே பிழையான பக்கம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

தெளிந்த வானம். விமானம் பி.ப. 1.50. வழியனுப்ப நான் போகவில்லை. எவரும் அழைக்கவில்லை, அழைக்காத இடத்துக்கு நான் போவதில்லை.

12.55. புதுக்கடை, நீதிமன்றத்தின் வெளி விறாந்தை. அடுத்தது என் வழக்கு. கைப்பேசி அதிர்ந்தது.

"லோயர், நான் உள்ளுக்க வந்திட்டன். சும்மா, சொல்லிப்போட்டுப் போவமெண்டு."

"நல்லது."

"அப்ப, நான் போகட்டோ?"

எல்லாரும் விடைபெறும்போது கேட்பதுதான். எல்லாரும் ஓம், போட்டு வாங்கோ என்று சொல்வதுதான். ஒன்று. இரண்டு. மூன்று. அவரும் பேசவில்லை. காதுத் தோட்டை நான் எப்படிப் பார்ப்பது?

"போகாதேங்கோ," என்றேன்.

விறாந்தையில் நின்ற இளம் சட்டத்தரணிகள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ ஒரு வழக்கின் கட்சிக்காரர் தன்னிடம் சொன்னேன் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டார்.

மறுமுனையில் சத்தமில்லை. நான் நிரப்பவில்லை.

"கேட்டது," என்றார் கடைசியில். "முன்வரிசைக்கும் கேட்டிருக்கும்." சிரிப்பு. பிறகு சிரிப்பு இல்லை. "கூப்பிடுறாங்கள்."

ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. அறிவிப்புக் குரல்கள் மூன்று மொழியில். பெட்டியின் சில்லு உருளும் சத்தம். யாரோ ஒருவருக்கு அவர் நன்றி சொன்னது. மூச்சு, ஏற்றம் ஒன்றில் நடப்பது போல. பிறகு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கைப்பேசிகளை அணைக்கச் சொன்னது. அதுவரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

என் வழக்கைக் கூப்பிட்டபோது நான் உள்ளே இல்லை. தவணை போட்டுவிட்டார்களாம்.