தெரியாதவள் எழுதிய குறிப்பு

பனியன் கம்பெனி பேக்கிங் செக்ஷனில் பிரிண்டர் சூடாகி ஸ்டிக்கர் வாடை கிளம்பும்போதெல்லாம் உன் மேசைப் பக்கம் தலை திரும்பிவிடுகிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் நாற்காலியில் இப்போது சுமதி உட்காருகிறாள். வெள்ளகோவில்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

நீ எழுதிய புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும். ஆர்டரை சைஸ் வாரியாக, கலர் வாரியாகப் பிரித்து எல்லாப் பெட்டிக்கும் ஸ்டிக்கர் அடித்துவிடும். எந்த வரியை எப்போது அடிப்பது என்ற குறிப்பை மட்டும் நீ எழுதவே இல்லை. கேட்டால் சிரிப்பாய். "நீயே எழுது புள்ள. தெரியாதவ எழுதுனாத்தான் தெரியாதவளுக்குப் புரியும்." கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நீ சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வாசித்துக் காட்டுவதற்குள் நேரமாகிவிட்டதென்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். பிறகு வாசிக்க நீ இல்லை.

போன வாரம் சுமதி அந்தக் குறிப்பைப் பார்த்து வேலை செய்தாள். 'பழையதை அழித்துவிட்டு ஓட்டவும்' என்று எழுதியிருந்தேன். நான் நினைத்தது பழைய ஸ்டிக்கர் ஃபைலை. அவள் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பேக்கிங் லிஸ்ட்டையே அழித்துவிட்டாள். லாரி வாசலில் நிற்க, ஒட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி எண்ணினோம்.

"குறிப்புல இருந்தபடிதானுங்க்கா செஞ்சேன்" என்று அழுதாள்.

"அந்தப் புள்ளைய நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லீருங்க" என்றார் மேனேஜர்.

"எழுதுனது நானுங்க. அனுப்பறதுன்னா என்னையத்தான் அனுப்போணும்."

அவர் லாரிப் பக்கம் போய்விட்டார். லாரி சாயங்காலம் கிளம்பியது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் குறிப்பைச் சுமதியிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்; அவள் தடுமாறும் இடத்திலெல்லாம் வரியை மாற்றுகிறேன். நேற்று கடைசிப் பக்கம் வந்தோம்.

உன் புரோகிராமில் 'கே' என்றொரு இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது. வரியின் முடிவில் அதைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரே ஸ்டிக்கர்தான் வருகிறது. எதற்காக வைத்தாய்? கட்டிலருகே எத்தனையோ கேட்டேன், இதைக் கேட்கவில்லையே. தெரிந்ததுபோல எழுத மனம் வரவில்லை. இப்படி எழுதினேன்: 'கே எதற்கென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் இப்போது இல்லை.'

சுமதி அங்கே நிறுத்தினாள். "இதையும் மாத்தோணுமாக்கா?"

"புரியலையா?"

"புரியுதுங்க்கா."

மாற்றவில்லை. பஸ்ஸில் நிற்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும் அந்த ஒற்றை எழுத்தைத்தான் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.