நுரையீரல் ஆய்வகத்தில் எடுத்த படங்கள்

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து மழை மூட்டம். பேட்டரி இரண்டும் சார்ஜ். லென்ஸ் துடைக்கணும்.

நாளை, பீங்கான் தொழிலாளர்களின் நுரையீரலைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. விஞ்ஞானிகள் அவர்கள் பாட்டுக்கு வேலை செய்யும்போது படம் எடுக்க வேண்டுமாம். கல்யாண வீட்டிலேயே யாரும் அவர்கள் பாட்டுக்கு இருப்பதில்லை!

என் வீட்டுக்காரி செல்வியும் போன வாரம் அங்கே சளி கொடுத்தாள். பீங்கான் கம்பெனியில் கப் விளிம்பு தேய்க்கிற வேலை, முழுக்கத் தூசி. ரிசல்ட் கேட்டால் "வந்தா வருது" என்கிறாள். நான்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவ. 11, செவ்வாய்
ஆய்வகம். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. ஃபிளாஷ் கூடாது. முதலில் எல்லா முகத்திலும் ஆதார் அட்டைக் களை. பிறகு என்னை மறந்துவிட்டார்கள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த டாக்டரம்மா சட்டென்று அசையாமல் நின்றார். க்ளிக். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். க்ளிக்.

"இது தள்ளிப்போடற கேஸ் இல்லம்மா. இன்னைக்கே போன் பண்ணி வரச் சொல்லுங்க."

யாருடைய சளி? மைக்ராஸ்கோப்பை ஒட்டிப் போய் இன்னொரு க்ளிக். அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் ஃபோகஸ் அவுட். கிளம்பும்போது டாக்டரம்மா, "சளி தடவின கண்ணாடித் துண்டுல நம்பர் தெரியற படத்த யாருக்கும் காட்டாதீங்க." தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடித் துண்டில் 38. சளி கொடுத்த அன்று செல்விக்குத் தந்த சீட்டில் 37. அப்பாடா. போன உயிர் வந்தது. சந்தோஷத்தில் அவளிடமே காட்டித் தொலைத்தேன்.

"அன்னைக்கு வரிசையில எனக்குப் பின்னாடி மல்லிகாதாங்க நின்னா."

கம்பெனியில் செல்வியோடு ஒரே பெஞ்சில் வேலை செய்கிறவள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நவ. 12, புதன்
மல்லிகா இன்றும் வேலைக்கு வந்தாளாம். சிரித்துப் பேசினாளாம்.

"எப்டிங்க அவ பக்கத்துல ஒக்காருவேன்? சொல்லிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். டாக்டர்தான் சொல்லணும். ஆனால் ஏன் இன்னும் சொல்லவில்லை? அவர்கள் மேல் எரிச்சல், என் மேலும்.

ஆல்பம் பைண்டிங் பாக்கி. கரண்ட் இல்லை.

நவ. 14, வெள்ளி
நல்ல வெயில். என் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வரிசையாக ஆட்கள். கடைசியில் மல்லிகா!

"பாப்பா ஸ்கூலுல அம்மா போட்டோ கேக்கறாங்கண்ணா."

ஸ்டூலில் உட்கார்ந்ததும் இருமல். போன் அடித்தது. கட் செய்தாள். மறுபடி அடித்தது.

"யாரும்மா?"

"ரெண்டு மூணு நாளா இதே ரோதனண்ணா. தெரியாத நம்பரு. லோனு வேணுமான்னு கேக்கறவனா இருக்கும், நான் எடுக்கறதே இல்ல."

கேமராவைக் கீழே வைத்தேன்.

"லோன்காரன் இல்லம்மா. எடுத்துப் பேசு."

மல்லிகா என்னைப் பார்த்தாள். எடுத்தாள்.