இஷ்டப்பட்டுத்தானே தர்றீங்க?

மார்ச் 4, செவ்வாய்

ஒரு அம்மாவுக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. லென்ஸை வெட்டு, விளிம்பைத் தேய், ஃப்ரேமில் உட்கார வை. அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "தரை மேல எழும்பி வருதுப்பா" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி அவரிடம் பல்லை இளித்துவிட்டு என்னை முறைத்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

வீட்டில் இல்லை முதலாளி, மண்டைக்குள்ளே. சொல்லவில்லை.

சிகரெட்டை விட்டால் இருமல் குறையும், நாக்குக்கு ருசி தெரியும் என்றார்கள். மூளையும் கூடவே கிளம்பிப் போய்விடும் என்று ஒரு பயலும் சொல்லவில்லை. தலைக்குள் பஞ்சை அடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பேச்சை ஆரம்பித்துவிட்டு எங்கே முடிப்பது என்று தேடுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

நிக்கோட்டின் மிட்டாயாவது சப்பலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். கூடாதாம். சோதனையில் அதுவும் சிகரெட் மாதிரியேதான் காட்டுமாம். "உங்க அக்காவுக்குக் கிட்னி குடுக்கணும்னா சுத்தமா விட்டாகணும்."

அத்தானுக்குச் சர்க்கரை, அவர் தரக் கூடாதாம். மற்றவர்கள் யாருக்கும் பொருந்தவில்லை. பொருந்தியது நான் ஒருத்தன்தான். அக்கா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறாள். நான் ஒரு புகைக்காகக் காலி சிகரெட் பெட்டியை முகர்ந்து பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இவளிடம், என் பெண்டாட்டியிடம்தான், எரிந்து விழுந்தேன். காரணம் — டம்ளரைச் சத்தமாக வைத்தாளாம். "டம்ளர் மேல கேஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது.

மார்ச் 13, வியாழன்

எல்லாம் போச்சு.

ஆஸ்பத்திரியில் கிட்னி கொடுப்பவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார்கள். அக்காவும் அத்தானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஆலோசகர் அம்மா ஒருவர், அவருக்கு எதிரே நான். சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"நீங்க இஷ்டப்பட்டுத்தானே தர்றீங்க? யாரும் வற்புறுத்தலையே?"

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஆமாம் என்று ஒரு சொல்! அதுகூட வரவில்லை.

"சரி, அக்காவுக்கு என்ன வயசு?"

தெரியல.

"ஆபரேஷன்ல உங்களுக்கு என்ன ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். படம் ஞாபகம் இருக்கிறது. சொன்னது ஒன்றும் இல்லை. சிகரெட்டை விட்டதிலிருந்து இப்படித்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இவன் புத்தி சரியில்லை என்று தள்ளிவிடுவார்களோ என்று பயம். பேய் அறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "விருப்பம் இல்லன்னா இங்கேயே சொல்லிடலாம். வீட்டுக்காரங்ககிட்ட 'மருத்துவ ரீதியா சரிப்படல'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். உண்மையான காரணம் வெளிய போகாது."

அந்த ஒரு நொடி — இங்கே பொய் எழுதி என்ன பிரயோசனம் — எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். அத்தான் போனில் சொன்னார். கணக்கு வாத்தியார், கோபத்தில்கூட நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "நீ உள்ள என்ன சொன்ன?" ஒன்றும் சொல்லவில்லை அத்தான், அதுதான் பிரச்சினை. அதையும் சொல்ல வரவில்லை.

பஞ்சுதான் காரணமா? இல்லை, பஞ்சு மேல பழியைப் போட்டுட்டு நானே தப்பிக்கப் பார்க்கிறேனா? எனக்குத் தர இஷ்டமே இல்லையோ? காலையிலிருந்து இதே. இன்று ஒரு லென்ஸை உடைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

மத்தியானம் கால் தானாக முக்குக் கடைக்குப் போனது. ஒன்று வாங்கினேன். வாயில் வைத்தாகிவிட்டது. தீப்பெட்டிக்காகக் கையை நீட்டும்போது நிமிர்ந்து பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம் அத்தான். கையில் அக்காவின் மருந்துப் பை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. முகத்தில் ஈ ஆடவில்லை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

பற்ற வைக்கவில்லை. சத்தியமா பத்த வைக்கல. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன், வாயில் வெச்சதை நான் என்ன பண்றது என்று திட்டினார். ஆனால் இதை யார் நம்பப் போகிறார்கள்? சோதனையில் தோற்கணும்னே இழுக்கிறான் என்றுதானே நினைத்திருப்பார்? அவர் அந்த வழியாகத்தான் வருவார் என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது. தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா போன் பண்ணினாள். பயந்துகொண்டே எடுத்தேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்தான் சொன்னாரு. ஏன்டா இப்படி மறைஞ்சு நிக்கிற? பயமா இருந்தா விட்டுடு. எனக்கு மெஷின் பழகிப்போச்சு. உனக்கும் பொண்டாட்டி இருக்கா. நீ வீட்டுக்கு வராம மட்டும் இருந்துடாத, அதைத்தான் என்னால தாங்க முடியாது."

நான் "இல்லக்கா, இல்லக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எதை இல்லை என்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவள் கதவைத் தட்டினாள். "தண்ணிய மூடிட்டு வந்து இங்க உக்காந்து அழுங்க." அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு நொடி நிம்மதியையும். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "எனக்கும்தான் பயம். இதை அந்த ஆஸ்பத்திரி அம்மாகிட்டயே போய்ச் சொல்லுங்க. நானும் வரேன்."

மார்ச் 20, வியாழன்

போனேன். மறந்துவிடுவேனோ என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனேன். இவள் பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தாள், என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் மடமடவென்று கொட்டிவிட்டேன். சிகரெட்டை விட்டதிலிருந்து தலை ஓடவில்லை, சொன்னால் ஒதுக்கிவிடுவீர்கள் என்று மறைத்தேன், நீங்கள் தப்பிக்க வழி காட்டியபோது நிம்மதியாகக்கூட இருந்தது, கடை வரைக்கும் போனேன், பற்ற வைக்கவில்லை.

"விடுறவங்க நிறைய பேருக்கு இந்த மந்தம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா தெளியும்" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? சரி. பயமா இருக்கா?"

"இருக்கு."

"யாராவது கேட்டதால தர்றீங்களா?"

அதற்கு மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. "அக்கா ஒரு தடவைகூடக் கேக்கலைங்க. முந்தாநாள்கூட வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் தரேன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

அக்காவின் வயதையும் சொன்னேன். ஒரு வருஷம் கூட்டிச் சொல்லிவிட்டேனாம். அவர் சிரித்தார். "இதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

மார்ச் 28, வெள்ளி

நிக்கோட்டின் சோதனை சுத்தம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அத்தான் ரிசல்ட்டை இரண்டு முறை படித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார், எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கடையில் ஒரு தப்பும் இல்லை. தலை தெளிகிறது. தெளியத் தெளியப் பயமும் நன்றாகத் தெரிகிறது. கத்தி, மயக்க மருந்து, முழிக்காமலே போய்விட்டால்? இவளிடம் பேங்க் விஷயமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். "ரெண்டு நாள்ல திரும்பி வந்து என் உயிரை வாங்கப் போறீங்க, சும்மா இருங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

எழுத முடிகிறது. எழுத்து கோணல்.

ஆபரேஷன் முடிந்து முழிப்பு வந்ததும், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பார்க்கலாம், பொறுங்கள் என்றார் நர்ஸ். அக்காவுக்குச் சிறுநீர் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. என் கிட்னி அவளுக்குள் வேலை செய்தால்தான் வரும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வார்டுக் கதவு படாரென்று திறந்தது. அத்தான். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாத மனிதர், ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு, "ஒன்னுக்கு வந்துடுச்சுடா! உங்க அக்காவுக்கு ஒன்னுக்கு வந்துடுச்சு! பை நிறைய!" என்று வார்டே அதிரக் கத்தினார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

சிரித்தால் தையல் இழுக்கிறது. சிரிக்காதே என்கிறாள் இவள், அவளே சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு.