நல்ல பிள்ளையாக இருந்த கிழமை

ஒக்டோபர் 28, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தகரத்தில் விழும் சத்தம் நிற்கவேயில்லை. அப்பா விதைப்புக்கு வயலில். நனைந்துகொண்டு பள்ளிக்கூடம். காலில் போட்ட சப்பாத்து இன்னும் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வருகிறார்களாம். கனகராயன்குளத்திலிருந்து. நீளமான பெயர், இனி க.குளம்.

அக்காவுக்குச் சந்தோசம். அம்மாவுக்கும். எனக்குப் பயம். மாப்பிள்ளையை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

குசினியில் சமைத்துக்கொண்டு அம்மா அக்காவுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. "எல்லாம் சரிவரும். இவளை நினைச்சால்தான் நெஞ்சு இடிக்குது. ஆக்களுக்கு முன்னால கையை உதறிக்கொண்டு நிண்டாளெண்டால்?"

"அதுக்கென்ன செய்யிறது, அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறதோ?" அக்கா.

அம்மா சிரிக்கவில்லை. நான் அலுமாரியைப் பற்றி யோசித்தேன். உள்ளே சத்தம் குறைவாக இருக்கும்.

போன தவணை பள்ளிக்கூடத்து ஆலோசனை ரீச்சர்தான் (இனி ஆ.ரீ.) எங்களைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஓட்டிசம் என்று டொக்டர் மெல்லச் சொன்னார். அது நோயோ வருத்தமோ இல்லை, மூளை வேலை செய்யும் விதம் வேறு என்றும் சொன்னார். அம்மா இரண்டாவதைக் கேட்டாரா தெரியாது. திரும்பி வரும்போது வாசலில் பக்கத்து வீட்டுக் கமலா அன்ரி. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்க, அம்மா, "இவளின்ர கண் காட்டப் போனனாங்கள்."

அன்றிலிருந்து அன்ரி என்னைக் காணும்போதெல்லாம், "கண்ணாடி இன்னும் வரேல்லையோ பிள்ளை?"

"இல்லை அன்ரி."

இன்றும் கேட்டார்.

இந்த நாட்குறிப்பை அம்மா கண்டால் முடிந்தது. எழுதி வைக்காதே, யாரும் வாசித்தால் என்ன செய்வது என்பார். அம்மாவின் தையல் மெசினுக்குப் பின்னால் இருந்து எழுதுகிறேன். எண்ணெய் மணம்.


ஒக்டோபர் 30, வியாழன்

மழை விட்டது. புழுக்கம். கணித வினாத்தாள், கடைசிக் கேள்வி விட்டேன்.

இடைவேளையில் ஆ.ரீ. கூப்பிட்டு, "நாடா எந்தளவில நிக்குது?" அவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். வீட்டில் அது குப்பை.

அம்மா தைக்கும்போது விழும் வெட்டுத்துண்டுகளில் செய்வது. ஒரு நாளில் என் காதுக்குள் போன சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. ஒன்றோடு ஒன்றைக் கையால் தைத்துத் தைத்து நீட்டிக்கொண்டே போவேன். இந்த வருடத் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இப்போது ஒரு உரப்பை நிறைய.

பள்ளிக்கூட மணி: சிவப்பு
உழவு மெசின்: மண் கபிலம்
கமலா அன்ரியின் சேவல்: செம்மஞ்சள்
அக்கா சிரிப்பது: மாங்காய்ப் பச்சை
அம்மா ஏசுவது: கறுப்பில் சின்னப் பூ
ஒரு சத்தமும் இல்லாத நேரம்: வெள்ளை

வீட்டில் வெள்ளைத்துண்டுதான் குவிந்து கிடக்கிறது. அம்மா தைப்பது முழுக்கப் பள்ளிக்கூடச் சட்டை. ஆனால் வெள்ளை வைக்க எனக்கு அதிகம் சந்தர்ப்பம் வருவதில்லை.

தைத்துவிட்டால் அந்தச் சத்தம் தலையை விட்டுத் துண்டுக்குள் போய்விடும். பிறகு படிக்கலாம். நித்திரை வரும். ஆ.ரீ. சொன்னார், "இதை விடாதையும். நீர் மூச்சு விடுற இடம் இது. அதோட வடிவான வேலை. விளையாட்டெண்டு நினைச்சு நான் சொல்லேல்லை, வேலை எண்டுதான் சொல்லுறன்."

வேலை. திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு சைக்கிள் ஓட்டினேன்.

பின்னேரம் ஒத்திகை. அம்மா: கை மடியில். கேட்டால் மட்டும் கதை. முகத்தைப் பார்த்துக் கதை. ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதே. காதைப் பொத்தாதே.

அக்கா துவாயைச் சேலைபோலப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவாக வந்து கதிரையில் சாய்ந்தாள். "பிள்ளை எத்தினையாம் ஆண்டு படிக்குது?"

"பதினொண்டு."

"நல்லது. எங்கட மகன் பன்ரண்டு முட்டையும் ஒரேயடியாச் சாப்பிடுவான்."

"ஒரேயடியாச் சாப்பிடுவான். ஒரேயடியாச் சாப்பிடுவான்." வாயில் வந்துவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும். அம்மா மெசினை நிறுத்தினார்.

"சிரியுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அழலாம்."

மெசின் நின்றது பெரிய சத்தமாக இருந்தது.


நவம்பர் 1, சனி

இதை எழுத விருப்பம் இல்லை. எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

வீடு முழுவதும் துப்புரவு. யன்னல் சீலை தோய்த்தோம். மேசைவிரிப்பு புதிது. அம்மா முன்னறை மூலையைப் பார்த்து, "உந்தக் குப்பை இன்னும் ஏன் கிடக்குது, பாக்கிற சனம் என்ன நினைக்கும்" என்றுவிட்டு முறுக்குச் சுடப் போனார்.

மூலையில் இரண்டு உரப்பை. ஒன்றில் வெட்டுத்துண்டு. மற்றதில் நாடா.

வெட்டுத்துண்டை மாதா மாதம் வாகனம் திருத்தும் சந்திக் கராச்காரர் வந்து எடுத்துப் போவார், எண்ணெய் துடைக்க. இன்று பகல் மோட்டார் சைக்கிளில் வந்தார். அம்மா குசினியில் இருந்தபடியே, "பிள்ளை, அந்தப் பையைக் குடு."

பையை என்றுதான் சொன்னார். பைகளை என்று சொல்லவில்லை.

நான் இரண்டையும் கொடுத்தேன்.

தெரிந்துதான் கொடுத்தேன். நாடா வீட்டில் இல்லையென்றால் கையும் அடங்கப் பழகும் என்று நினைத்தேன். எனக்கும் ஒருநாளாவது நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க ஆசை. அவர் இரண்டையும் பின்சீற்றில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கயிறு கட்டி முடிக்க அவருக்கு நல்ல நேரம் எடுத்தது.

அம்மா சொல்லியிருந்தால் அம்மாவோடு கோபப்படலாம். சொல்லவில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா ஒருவர். வெள்ளை வான்.

கை மடியில். ஒரு கையை மற்றக் கையால் பிடித்து, பாவாடை மடிப்புக்குள் நகத்தை அழுத்திக்கொண்டு இருந்தேன். சித்தப்பாவின் போன் மூன்று தரம் பெரிதாக அடித்தது. ஏதோ நாதஸ்வரம். நான் காதைப் பொத்தவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். கரண்டி, தட்டு, கதிரை இழுபட்ட சத்தம். எல்லாம் உள்ளே போய் உள்ளேயே நின்றது.

அப்பா மெல்ல, "இவள் ஏன் படம் பிடிக்க இருக்கிற மாதிரி இருக்கிறாள்?"

"நீங்கள் சும்மா இருங்கோ" அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா (மாமி என்று கூப்பிடச் சொன்னார்) என்னைப் பார்த்து, "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு அடக்கமான பிள்ளையோ. எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்குது, வாய் மூடாது. நல்ல வளர்ப்பு."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. அவர்கள் போன பிறகு என் கன்னத்தைத் தடவினார். "பாத்தியே, நினைச்சால் உன்னால ஏலும்."

எனக்கும் கொஞ்ச நேரம் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் எழுதக்கூடாது.

பிறகு கிணற்றடியில் போய்ச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தேன். முறுக்கு கூடிப்போச்சு என்று சொன்னேன்.


நவம்பர் 4, செவ்வாய்

நித்திரை இல்லை, நேற்றும். வகுப்பில் ரீச்சர் கேட்டது விளங்கவில்லை.

மெசினடியில் புதுத்துண்டுகள் விழுந்திருந்தன. எடுத்துப் பார்த்தேன். மணிக்குச் சிவப்பு. சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அது சும்மா சிவப்பாக இருந்தது. எந்தத் துண்டும் எந்தச் சத்தமாகவும் இல்லை. கையை உதறாமல் பிடித்துப் பிடித்து வைத்தேன் அல்லவா, தைக்கிற கையும் அதே கைதான். இதை யாரும் எனக்கு முதலே சொல்லவில்லை. ஆ.ரீ. சொல்லியிருப்பார், நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு நேரே சந்திக் கராச். அவர் உழவு மெசினுக்குக் கீழே படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"அண்ணை, சனிக்கிழமை எடுத்த பை."

"எந்தப் பை?"

"சேத்துத் தைச்சது. நீளமாய்."

"ஓ, அதோ. அது நல்ல சாமான் பிள்ளை. தடிப்பு. ஒரு துடைப்பில எண்ணெய் முழுக்க இழுத்துப்போட்டுது. துண்டு துண்டாய் வெட்டித்தான் பாவிச்சனான்." வெளியே வந்தார். முகம் முழுக்கக் கறுப்பு. "அம்மாட்டச் சொல்லும், இனியும் அப்பிடித் தைச்சே தரச்சொல்லி."

அவரில் ஒரு பிழையும் இல்லை. தகர வாளிக்குள் சில துண்டுகள் கிடந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன். எது சேவல், எது மணி, எது அக்கா என்று தெரியவில்லை. எடுக்கவில்லை.

ஆ.ரீ. இன்றும் கேட்டார், நாடா எப்படி என்று. "தைக்கிறன் ரீச்சர்" என்றேன். அவர் சந்தோசப்பட்டார். இந்தப் பொய்யும் சேர்ந்துகொண்டது.


நவம்பர் 6, வியாழன்

திரும்ப மழை. கரண்ட் போய் வந்தது.

மாப்பிள்ளை வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள். தை மாதம் கலியாணம். கமலா அன்ரி ஓடிவந்து அக்காவின் வாயில் சீனி போட்டார். என்னிடம், "கலியாணத்துக்கு முதல் கண்ணாடி வந்திட்டால் நல்லம், படத்துக்கு வடிவாயிருக்கும்."

பிறகுதான் மற்றது. மாமிக்கு என்னை நன்றாகப் பிடித்துவிட்டதாம். பதினோராம் ஆண்டு ஓ.எல். சோதனை முடிந்ததும் நான் அக்காவோடு க.குளத்தில் இருந்து படிக்கலாமாம். வவுனியாவுக்கு ரியூசன் வகுப்புக்குப் போக லேசு.

அவர்கள் வீடு ஏ-நைன் பெரிய றோட்டுக்கரையில். மாமியே பெருமையாகச் சொன்னார், விடிய விடிய லொறி, பயமே இல்லை, எந்த நேரமும் ஆள் நடமாட்டம் என்று.

அம்மா: "உன்னைக் கண்டபடியால்தான் பாதி சரிவந்தது."

அவருக்குப் பிடித்தது என்னை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கதிரையில் இருந்த ஒருத்தியை. அவள் யார் என்று எனக்கே தெரியாது. அவள் இனி ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் இருக்கவேண்டும்.


நவம்பர் 8, சனி

அக்காவிடம் சொன்னேன். கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கும்போது. அங்கே போய் இருக்க என்னால் ஏலாது என்று. நாடாவைக் கொடுத்ததையும் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த சட்டையைப் பிழியாமல் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியுமடி. அண்டைக்கு நீ ஆடாமல் அசையாமல் இருக்க, அவையளைப் பாத்துப் பயப்பிடாத நான் உன்னைப் பாத்துத்தான் பயந்தனான்."

"அப்ப மாமிட்டச் சொல்லுவமோ?"

"கலியாணம் முடியுமட்டும் பொறு."

"அதுக்குப் பிறகு?"

சட்டையைப் பிழிந்தாள். மிகவும் இறுக்கி. "பிறகு பாப்பம்."

அக்காவில் கோபம் இல்லை. அவளுக்கும் பயம். வேறொரு வீட்டார் பெண் பார்க்க வந்து, பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், போன வருடம். காரணம் கடைசிவரை தெரியாது. அது நானாக இருக்குமோ என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை.


நவம்பர் 9, ஞாயிறு

பின்னேரம் மாமி அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா கொஞ்சம் கதைத்துவிட்டு என் கையில் தந்தார். "மாமிக்குக் கதை."

போனில் கதைப்பது எனக்கு எப்போதும் கஷ்டம். முகம் இல்லாமல் சத்தம் மட்டும்.

"என்ன பிள்ளை, மாமி வீட்டை வருவீர்தானே? உமக்கெண்டு றோட்டுப்பக்கத்து அறையை ஒதுக்கிப்போட்டன். நல்ல காத்து."

ஓம் மாமி. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. வாய் வரை வந்தது.

"எனக்குச் சத்தம் ஒத்துவராது மாமி. கை உதறும். சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவன். அண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு ஓட்டிசம். நாங்கள் கண் காட்டப் போகேல்லை."

கடைசி வசனம் அவருக்கு விளங்கியிருக்காது. ஏன் சொன்னேனோ.

அந்தப் பக்கம் லொறி ஒன்று போய் முடிந்தது. பிறகு மாமி, "பிறகு போன் எடுக்கிறன்" என்று மட்டும்.

அம்மா ஏசவில்லை. ஏசினால் நல்லது. கழுவிய பானையைத் திரும்பக் கழுவினார். அப்பா வயலால் வந்து, விசயம் கேட்டு, கால் கழுவாமலே படியில் இருந்துவிட்டார். அக்கா அறைக்குள். கதவு சாத்தி.

சொன்னதை நினைத்தால் தாங்க முடியவில்லை. போன ஞாயிறே கையைப் பிடிக்காமல் விட்டிருந்தால், பிடிக்காதவர்கள் அப்போதே போயிருப்பார்கள், அக்கா இவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டாள். ஒரு கிழமை, ஏழு நாள், நல்ல பிள்ளையாக இருந்து அவளுக்குச் செய்தது இது.

இராச்சாப்பாடு ஒருவரும் போடவில்லை.

போன் அடிக்கிறது. அம்மா எழும்பவில்லை. அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அறைக் கதவு திறந்தது. அக்கா எடுத்துவிட்டாள்.

"ஓம் மாமி."

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மெசினுக்குப் பின்னால் நான் இருப்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

"ஓம் மாமி, சின்னனில இருந்தே அவள் அப்பிடித்தான்."

திரும்பவும் கேட்கிறாள்.

"ஓம். மறைச்சனாங்கள்தான்."

அக்கா இன்னும் போனை வைக்கவில்லை.