பம்பரில் இருந்த சிவப்பு

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகள் ஜெசிதாவுக்கு,

நான் காரால் ஒருவரையும் அடிக்கவில்லை. இதை முதலில் வாசித்து மூச்சை விடு, பிறகு ஆறுதலாக மிச்சத்தை வாசி. புனித யாகப்பர் துணையால் நான் நல்ல சுகம், காரும் சுகம், நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் மன்றாடி வருகிறேன். ரெலிபோனில் நீ அழத் தொடங்கியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, நான் சொல்ல வந்தது ஒன்றும் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். செபநாயகம் மாஸ்ரர் மகனைப் பார்க்கப் புதன்கிழமை ஒஸ்லோவுக்கு வெளிக்கிடுகிறார், கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தங்கச்சி மகன் றோய் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பயந்துபோய், காரை விற்கலாம் என்று நீ அவனுக்குச் சொல்லிவிட்டாயாம். கார் அப்பா உன் பெயரில் எழுதிவிட்டுப் போனதுதான், நீ கையெழுத்து வைத்தால் போய்விடும், நான் மறிக்க முடியாது. வாங்குவதற்குக் கொழும்பில் ஆளும் பார்த்துவிட்டானாம். கையெழுத்து வைப்பதற்கு முன் நடந்தது என்னவென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ இங்கிலாந்தில் இருந்து எடுப்பித்து அனுப்பிய பம்பர்கள் இரண்டும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்தபோது வீட்டில் என் உதவிக்கு நிற்கிற லூர்த்தம்மா அதில் முகம் பார்த்துத் தலை வாரி இழுத்தாள், அவ்வளவு மினுக்கம், துருப்பிடிக்காத உருக்காம், எங்கள் உப்புக்காற்றுக்கு அதுதான் சரி. பழைய பம்பர்களைக் கடற்காற்றுத் தின்று அப்பா கழற்றி எறிந்த நாளில் இருந்து எங்கள் ஒஸ்ரின் ஏ-40 கார் முன்பல் விழுந்த பிள்ளை மாதிரித்தான் நின்றது. கலியாணத்துக்குப் போனால் றிபன் கட்ட இடமில்லை, முன்கம்பிக்குள் செருகி விடுவார்கள், கோயிலடிக்குப் போக முன்னம் அவிழ்ந்து பறக்கும். பக்கத்து வீட்டுச் சிமியோனின் மகளை ஆனி மாதம் நான்தான் கோயிலுக்கு ஏற்றிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதற்கு முன் பூட்ட வேண்டும் என்று மருதனார்மடத்தில் கஜீவனின் கார் திருத்துகிற கராச்சுக்குக் கொண்டு போனேன். போன வழியெல்லாம் நானே காரை ஓடினேன். கஜீவன் பம்பரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு இதற்கு ஆர் அளவு எடுத்துக் குடுத்தது என்று கேட்டான், துளைக்குத் துளை சரியாக வந்ததாம். என்ரை மகள் நோர்வேயில் இருந்து போன் எடுத்து என்னை எழுப்பி எழுப்பி அளப்பித்தவள் என்றேன். அந்த நேரம் உன்னில் எரிச்சல்பட்டேன்தான், ஆனால் கராச்சில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இங்கே எழுதத்தான் முடிகிறது, நேரில் என்றால் சொல்லமாட்டேன்.

ஆனால் காரில் பம்பரைப் பிடிக்கிற தாங்கிகள் துருவேறி உக்கிப்போயிருந்தன, அவன் பழைய லொறியின் வில்லுத் தகட்டில் புதிதாக வெட்டி வளைத்துச் செய்தான். பூட்டி முடித்து, பாருங்கோ அம்மா, கலியாணப் பொம்பிளை மாதிரி நிக்குது என்றான். பார்த்தேன், இடது பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. சொன்னேன். றோட்டிலை போகேக்கை ஆரம்மா குனிஞ்சு பாக்கப்போறாங்கள் என்றான். நான் பாப்பன் என்றேன். தையல் நாடாவை எடுத்து அளந்து காட்டினேன், கொன்வென்ற் சிஸ்ரர்மார் எங்களுக்கு விளிம்பு தைக்கப் பழக்கியபோது நூலளவு பிசகினாலும் முழுவதையும் பிரிக்க வைப்பார்கள், அந்தக் கண் இன்னும் போகவில்லை. அவன் முனகிக்கொண்டு கழற்றினான், கொன்வென்றிலை படிச்ச ஆக்களின்ரை காருக்குக் கை வைக்கக் கூடாதெண்டு என்ரை முதலாளி அப்பவே சொன்னவர் என்று மற்றவர்களுக்குக் கேட்கச் சொன்னான். மறுபடி பூட்டியும் அதே சரிவு. பிறகுதான் பிடிபட்டது, பம்பர் சரி, கார்தான் சரிந்து நிற்கிறது, இடது பக்க முன் ஸ்பிறிங் அமந்துபோய்விட்டது. ஐயா கார் ஓட, இவ்வளவு காலமும் அம்மா இருந்து வந்த பக்கமெல்லே என்றான் அவன். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளாமல், உன்ரை மனிசியை இப்பவே பின் சீற்றிலை இருக்கச் சொல்லு தம்பி என்றேன். ஸ்பிறிங்குக்கு அணை வைத்து உயர்த்தினான். சும்மா நிற்கிற காரை அளந்து என்ன பயன், கலியாணத்தன்று பாரம் ஏறும் அல்லவா, அதனால் நான் காரை ஓடுகிற இடத்தில் இருந்தேன், பின்னால் மணப்பெண்ணின் இடத்தில் பெயின்ற் அடிக்கிற றமேஸை ஏற்றினோம். நல்ல உடம்புக்காரன். தலையைக் குனியடா, வெக்கப்படடா, தாலி விழப்போகுது என்று மற்றவர்கள் அவனைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. அவனும் விடவில்லை, மாப்பிளை எங்கையடா, ஓடிப்போட்டானோ என்று கேட்டான். அப்படியெல்லாம் இருந்து அளந்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு. இப்போது எங்கள் காரைப் போல நேராக நிற்கிற ஏ-40 யாழ்ப்பாணத்திலேயே இல்லை, இதை நான் சொல்லவில்லை, கஜீவன் சொன்னான்.

இனி அந்தச் சிவப்பு. வெளிக்கிடும்போது கஜீவன் வந்து, அம்மா குறை நினையாதேங்கோ, எங்கடை கையாலை புதுசாப் பூட்டினது, ஆஞ்சநேயரடியிலை ஒரு தேங்காய் உடைச்சு விடட்டோ என்று கேட்டான். நாங்கள் வேதக்காரர் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கிறான் என்றால் அது அவன் மனது. உடை தம்பி, காரிலை மட்டும் எண்ணெய் படக்கூடாது என்றேன். கோயில் முன்னால் காரை றோட்டுக்குக் குறுக்கே கொஞ்சம் சரித்து நிறுத்தினேன். நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்தான், நான் சிலுவை போட்டுக்கொண்டு அதன்மேல் ஓட்டினேன், தேங்காய் றோட்டில் சிதறியது, புதுப் பம்பரில் சந்தனமும் குங்குமமும் அள்ளிப் பூசினான். சரியாக அந்த நேரம் ஒரு தூறல். குங்குமம் கரைந்து பம்பரால் வழிந்தது. சந்தைக்கு வந்த சனம் மினுக்கத்தைப் பார்க்கச் சுற்றி நின்றது, நான் வெளியே இறங்கி நெற்றி வேர்வையைத் துடைத்தேன், போன மினிபஸ்ஸில் இருந்து யாரோ படம் எடுத்துவிட்டார்கள், அது போனுக்குப் போன் பாய்ந்து எனக்கு முன்னம் குருநகருக்கு வந்துவிட்டது. படத்தில் என்ன தெரியும், குறுக்கே சரிந்து நிற்கிற கார், கூட்டம், நெற்றியில் கை வைத்த கிழவி, பம்பரில் வழிகிற சிவப்பு. எங்கள் காரில் குங்குமம் இருக்கும் என்று குருநகரில் யார் நினைப்பார்கள்? அவன் கண் முன்னால் துடைப்பது மரியாதை இல்லை என்று அப்படியே வீடு வரை ஓடி வந்தது என் பிழை என்றால் பிழை, மறுபடியும் அப்படித்தான் செய்வேன். வந்து இறங்க வாசலில் லூர்த்தம்மா தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறாள், ஐயோ அக்கா ஆரை அடிச்சனீங்கள் என்று. செத்தவனுக்கு யாகப்பர் கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்திருக்கிறாள்! குங்குமம் என்று சொல்லியும் நம்பவில்லை, விரலால் தொட்டு மணந்து பார்த்த பிறகுதான் அழுகையை விட்டாள், விட்ட கையோடு மெழுகுதிரி வீணாய்ப் போச்சே என்று எனக்கே ஏச்சு. அதற்குள் றோய் படத்தை உனக்கு அனுப்பி முடித்துவிட்டான். றோய் எனக்குப் பெறாமகன், அவனிலும் எனக்குப் பாசமும் வாரப்பாடும் உண்டு, கெட்டவன் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிறவன் ஒருக்கால் வந்து, பெரியம்மா என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். நோர்வேக்குச் சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தான், வந்தும் குங்குமத்தைப் பற்றிச் சிரித்துவிட்டு, எண்டாலும் பெரியம்மா, இந்த வயசிலை உங்களுக்கு ஏன் கார் என்கிறான்.

அதற்கு நான் உனக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கால் இழுத்த பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒருவரிடமும் கெஞ்சக்கூடாது என்றுதான் ஸ்ரியறிங் பிடித்தேன். கடைசி வரை நான்தான் கொண்டு போய்க் கொண்டு வந்தேன். கண்ணில் வளர்ந்த பூவை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தாயிற்று, இப்போது தூரத்துப் பெயர்ப்பலகை றோய்க்கு முன்னம் எனக்குத் தெரிகிறது. இருட்டில் ஓடுவதில்லை, மழை வலுத்தால் ஓரமாக நிறுத்திவிடுவேன். ஞாயிறு பூசைக்கும் சந்தைக்கும் போய்வர ஒருவரின் நேரத்தையும் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கத் தேவையில்லை, அதுதான் எனக்கு இந்தக் கார். அது போனால் நான் மற்றவர்கள் ஏற்றி இறக்குகிற சாமானாகிவிடுவேன். நீ பயத்தில் சொன்னாய் என்று தெரியும், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பயம் வராமல் இருக்குமா. ஆனால் நான் ஓடக்கூடாத ஒரு நாள் வரும், அதை உன்னிடம் நானே முதலில் சொல்லுவேன், நான் பொய் சொல்லி நீ கண்டதில்லை. அது வரை, அம்மா கார் ஓடுகிறா, பம்பர் நான் வாங்கிக் கொடுத்தது என்று நீ அங்கே பெருமையாகச் சொல்ல வேண்டும், நான் இங்கே உன்னைச் சொல்லுகிற மாதிரி.

வேலைக்குப் போகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே, உனக்கு இரத்தம் குறைவு என்று மருமகன் சொன்னார். சின்னவனோடு வீட்டில் தமிழிலேயே கதைத்து வா, போன முறை என்னோடு ஓம் என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டான். மாஸ்ரரிடம் பனை ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், தூளை ஈரக் கரண்டியால் தொடாதே. தேவமாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை வைத்த காரியமெல்லாம் இந்தப் பம்பரைப் போல நேராக அமையட்டும்.

றோய் சனிக்கிழமை கழித்துக் கொழும்பு ஆளைக் கூட்டி வருகிறான். ரெலிபோனில் சொன்னால் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பான். ஆகையால் கார் விற்பனைக்கு இல்லை என்றோ, விற்கத்தான் போகிறேன் என்றோ, எதுவானாலும் உன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்து அதைப் படம் பிடித்து லூர்த்தம்மாவின் போனுக்கு அனுப்பு. உன் எழுத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன் அன்பு அம்மா,
ஸ்ரெல்லா அடைக்கலநாதன்.