சேற்றில் படுத்து எடுத்த படம்

குருநகர்,
12.02.1986

இயேசு மரி சூசை துணை

அன்பான மகன் கனிசியஸ் அறிய அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நீயும் ஜேர்மனிக் குளிரில் சுகமாக இருக்கத் தினமும் செபமாலை சொல்கிறேன். தங்கச்சி யோசப்பினின் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. நேவிக்காரர் கடலுக்குப் போக இன்னும் விடுகிறார்களில்லை, வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, உன்னைப் பெத்த கொப்பர் மட்டும் உன் புண்ணியத்தில் பெரிய படக்காரர் ஆகிவிட்டார்.

உன்னைத்தான் முதலில் ஏச வேண்டும். கமரா அனுப்பியது ஒரு விசர் வேலை, அதோடு பிரசங்கமும் எழுதி அனுப்பியது அதைவிட விசர் வேலை. பறவையை நடுவில் வைக்காதீர்கள், அது பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள், சேற்றில் குப்புறப் படுத்து அதன் கண்மட்டத்துக்குக் கமராவைப் பிடியுங்கள் என்று எழுதினாயே, யாருக்கு எழுதுகிறாய் என்று யோசித்தாயா? என் சொல்லை ஒருநாளும் கேட்காத மனுசன் உன் கடிதத்தை வேதப்புத்தகம் மாதிரி மடியில் செருகிக்கொண்டு திரிகிறார். போன செவ்வாய் விடிய, கொழும்புத்துறைக் கரையில் உள்ளான் குருவி மேய்கிறதென்று போய், தலையில் சாக்கைப் போர்த்துக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கிறார். இந்தக் காலத்தில் கரையில் குப்புறக் கிடக்கிறவரைக் கண்டால் சனம் என்ன நினைக்கும்? மட்டிச் சிப்பி பொறுக்கப் போன லூர்த்தம்மா அவர் இடுப்பில் கட்டியிருந்த, நான் ஒட்டுப் போட்ட சாரத்தை அடையாளம் கண்டு, கிட்டப் போய்ப் புரட்டிப் பார்க்கப் பயந்து, “ஐயோ, பேதுரு அண்ணையைச் சுட்டுப் போட்டாங்கள்” என்று கத்திக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். அங்கேயும் ஒரு கேள்வி கேளாமல் துக்க மணியை அடித்துவிட்டார்கள். எனக்குச் சொல்ல வந்தவர்கள் சொல்லாமலே அழுதார்கள், நான் செருப்பும் போடாமல் ஓடினேன். உன் கொப்பர் என்ன செய்தார் தெரியுமா? மணியைக் கேட்டு, யாரோ பாவம் போய்விட்டது என்று படுத்தபடியே சிலுவை போட்டு, அந்த ஆத்துமாவுக்காக ஒரு பரலோக மந்திரமும் சொல்லிவிட்டு, திரும்பப் படம் எடுத்திருக்கிறார். நாங்கள் ஓடி வந்ததில் பறவைகள் பறந்துவிட்டனவாம், அதற்கு எங்களுக்கு ஏச்சு. பிறகு சேறு வழிய எழும்பி நின்று, “ஆரப்பா செத்தது?” என்று என்னையே கேட்டார். ஊர் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படமும் கழுவி வந்தது. ஒன்றில் கால்கள் மட்டும், தலை இல்லை. இன்னொன்றில் கடல் சரிந்து கொட்டப் பார்க்கிறது. இடம் விடச் சொன்னாய்தானே, நன்றாக விட்டிருக்கிறார், மிச்சப் படமெல்லாம் இடம்தான். இந்த லட்சணத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய், “மகன் சொல்லித் தந்த மாதிரி எடுத்தனான்” என்று காட்டுகிறார், வெட்கமில்லாத மனுசன்.

மகன், ஓடும்போது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உன்னால் ஊருக்கு வர முடியாது, உனக்கு இதை எப்படி எழுதுவேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். கொப்பர் நீ சொன்னால்தான் கேட்பார், அதனால் இது கிடைத்தவுடன் அவருக்கு எழுது. இனி நின்றுகொண்டே எடுக்கச் சொல். குருவி சின்னதாக விழுந்தால் விழட்டும், அவர் நிற்பது தூரத்தில் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா
பே. செபஸ்தியம்மா