அவரைக் கேட்கவே இல்லை

மார்ச் 3, திங்கள்
நாளைக்குத் தீர்ப்பு. லாண்டரியில் லீவு கேட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி ஷீட்டின் அந்த முனையைப் பிடித்தவள் என் முகத்தைப் பார்க்காமலே மடித்தாள்.

போன வருஷம் குடோனில் நடந்தது ஒரே ஒரு தள்ளு. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரரைப் போலத் திக்கித் திக்கிப் பேசிக் காட்டினாராம். இவர் தள்ளினார். லாரியில் சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து விழுந்த மனுஷன் மூன்றாம் நாள் போய்விட்டார். "தள்ளினது நான்தான்" என்று போலீசிடம் இவரே எழுதிக் கொடுத்தார். வாயால் சொல்லி முடிப்பதற்குள் விடிந்திருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்
குற்றவாளிதான். அது தெரிந்ததுதான். அதற்கப்புறம் நடந்ததுதான் தாங்கவில்லை.

"தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார். இவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒட்டிக்கொண்டது. ம... ம... அதற்குமேல் வரவில்லை. எனக்குத் தெரியும் அது என்ன வார்த்தை என்று. நான் எழுந்து கத்தியிருக்கலாம். கத்தியிருக்கணும். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். கோர்ட் கொடுத்த வக்கீல் — இவரை இரண்டு தரம்கூடச் சரியாகப் பார்க்காத ஆள் — "ஒன்றும் இல்லை, ஐயா" என்று முடித்துவிட்டார்.

ஒன்றும் இல்லையா?

மளமளவென்று ஏதோ வாசித்தார்கள். எனக்குக் கேட்டது ஒன்பது வருஷம் என்பது மட்டும்தான். இவர் இன்னும் அந்த 'ம'விலேயே நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 5, புதன்
பாப்பாவுக்கு இப்போ ஆறு. ஒன்பது போனா பதினஞ்சு. வேற எதையும் யோசிக்க முடியல.

மார்ச் 19, புதன்
பழைய வக்கீல் போனை எடுப்பதே இல்லை. மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதையே அவர் சொல்லவில்லை. இலவசச் சட்ட உதவி ஆபீசில் ஒரு வக்கீலம்மா உட்காரச் சொல்லிக் கேட்டார். அழாமல் பேச வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அழுதேன்.

பஸ் கதையையும் சொன்னேன். எங்கள் ஸ்டாப் பேர் இவர் வாயில் வராது. அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கித் திரும்பி நடந்து வருவார். காற்று வாங்க நடக்கிறார் என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்திருந்தேன்.

வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டார். "இது ஜட்ஜுக்குத் தெரியுமாம்மா?"

"யாருக்குமே தெரியாது மேடம்."

"தண்டனைக்கு முன்னாடி அவர் பேச்சைக் கேட்கணும். அது அவரோட உரிமை. கேள்வியைக் கேட்டுட்டா மட்டும் போதாது. பதில் வர்ற வரைக்கும் இருக்கணும். அப்பீல் கெடு முடியறதுக்குள்ள அவர்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

மார்ச் 27, வியாழன்
ஜெயிலில் மனு போட்டு இவரைப் பார்த்தேன். பஸ் கதையைச் சொன்னேன் என்று சொன்னதும் கம்பிக்கு அந்தப் பக்கம் முகமே மாறிவிட்டது.

"எ... என் மானத்தை வித்துட்டு வந்தியா? ஒருத்தன் செத்திருக்கான். இதுல என் வாயை எதுக்கு இழுக்கற?"

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. கையெழுத்து இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்
வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. நான் பண்ணது தப்பா? தப்புன்னே வச்சுப்போம். அதுக்காக ஒன்பது வருஷமா? அத்தை சாப்பாட்டைத் தொடவில்லை. "பெத்தவ நான்தான் அவனுக்கு நல்ல வாயா கொடுத்திருக்கணும்" என்கிறார். யாரை யார் தேற்றுவது.

ஏப்ரல் 2, புதன்
வக்கீலம்மாவே கூட வந்தார். எங்களை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். இவர் தலை நிமிரவில்லை.

"திக்குவாய்னு சொல்லி இரக்கம் கேக்கப் போறதில்லை. அது எனக்கும் பிடிக்காது. தீர்ப்புல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வாசித்தார்: 'குற்றவாளியிடம் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. பேச வாய்ப்புக் கொடுத்தும் மௌனமாக இருந்தார்.'

இவர் மேஜையை ஓங்கி அடித்தார். காவலர் ஓடி வந்தார்.

"பொ... பொ... பொய்!"

"பொய்தான். அப்படியே இருக்கட்டுமா?"

கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

ஜூலை 15, செவ்வாய்
விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மறுபடியும்.

நவம்பர் 11, செவ்வாய்
மேல் கோர்ட் தீர்ப்பு வந்தது. குற்றவாளி என்பது அப்படியே நிற்கிறது. தண்டனையை மட்டும் ரத்து செய்து, வேறு நீதிபதி முன்னால் இவர் பேச்சைக் கேட்டபிறகு முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். "ஒன்பதைத் தாண்டாது. ஆனா குறையும்னும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. சந்தோஷப்படத் தெரியாமல் நின்றேன். இனி இவர் பேசணுமே. அதே கூண்டில்.

ஜனவரி 20, செவ்வாய்
எழுதிக் கொடுக்கலாம் என்று புது நீதிபதி சொன்னார். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மேஸ்திரியின் மனைவி முன்வரிசையில் இருந்தார். இவர் நீதிபதியை விட்டுவிட்டு அந்தம்மா பக்கம் திரும்பினார். யாரோ சிரிக்க, நீதிபதி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான். எவ்வளவு நேரமென்று தெரியாது, என் நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டார். மேஸ்திரிதான் தனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் என்றார். அவர் விழுந்த சத்தம் காதிலேயே இருக்கிறது என்றார். கேலி பண்ணினதைச் சொல்லவே இல்லை.

ஐந்து வருஷம். இதுவரை உள்ளே இருந்தது அதில் கழியும்.

வராந்தாவில் அந்தம்மா என்னிடம் வந்தார். "குறைச்சதை நான் ஒத்துக்க மாட்டேன். மேல போவேன்."

"போங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? அவருக்கும் அந்த உரிமை உண்டு.

பிப்ரவரி 8, ஞாயிறு
பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பல் விழுந்ததைக் காட்டினாள். இவர் தனக்குப் பல் விழுந்த கதையை ஆரம்பித்தார். பாதியில் ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டது. காவலர் வந்து, "டைம் முடிஞ்சுது, கிளம்புங்க" என்றார்.

இவர் கையை உயர்த்தினார். "இ... இருங்க சார். இன்னும் மு... முடிக்கல."

காவலர் கதவருகே போய் நின்றுகொண்டார்.